ராவுத்தர் மில்லில் உலர்ந்த புத்தகங்கள்

13 நவம்பர் 1977, ஞாயிறு

பழைய நாட்குறிப்பு ஆற்றோடு போய்விட்டது. இது பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கொடுத்த கோடு போட்ட நோட்டு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நேற்றுக் காலை கொள்ளிடக் கரை உடைந்து கொடித்துறைக்குள் தண்ணீர் வந்தது. தாழ்ந்த தெருக்கள் எல்லாம் மூழ்கின. ஊரே மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்தில் போய் ஏறியது. நானும் ஏறினேன். இன்று மதியம் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் எல்லோரும் அவரவர் வீட்டைப் பார்க்கப் போனார்கள். நான் நூலகத்துக்குப் போனேன். கிளை நூலகத்துக்குப் பொறுப்பு நான்தானே. சாவியும் என் இடுப்பில்தான் இருந்தது.

சாவிக்கு வேலை இருக்கவில்லை. தெருப்பக்கச் சுவர் விழுந்து கிடந்தது. உள்ளே சேறு. கண்ணாடி அலமாரிகளில் புத்தகங்கள் ஊறிப் பெருத்து ஒன்றையொன்று நெருக்கி, கதவைத் திறக்க முடியாதபடி இறுகியிருந்தன. மேல்தட்டுகளில் இருந்தவை தப்பின. கீழே மூன்று தட்டுகளும் முழுக்க நனைந்துவிட்டன. என் உதவியாளர் சிங்காரம் எனக்கு முன்பே வந்து, நாளிதழ் மேசை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆஸ்துமாக்காரர், தண்ணீரில் நின்றிருக்கக் கூடாது.

"எல்லாம் போச்சும்மா," என்றார்.

"எதுவும் போகவில்லை, நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்," என்றேன்.

சென்னையில் நூலகச் சான்றிதழ்ப் படிப்பில் நூல் பாதுகாப்புத் தாளில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான். அதைச் சொல்லிக்கொள்ள இருபது வருடங்களில் சந்தர்ப்பம் வந்ததில்லை.

வீட்டை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

14 நவம்பர், திங்கள்

மழை விடவில்லை. நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் அட்டை வளையும், தாள் மொறுமொறுவென்று ஆகிவிடும். நிழலும் காற்றும் வேண்டும், கொஞ்சம் கதகதப்பும் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் ஈரம் இறங்கத் தொடங்காவிட்டால் பூஞ்சை வந்துவிடும். இந்த ஊரில் இன்று கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான்: ஹனீபா ராவுத்தரின் அரிசி மில்லில் நெல் அவிக்கும் பாய்லர் கொட்டகை.

போய்க் கேட்டேன். ராவுத்தர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நனைந்த நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பட்டியல் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"லைப்ரரியம்மா, நெல்லெல்லாம் முளை விட்டுக் கிடக்கு. களத்துல காயப்போட வழியில்ல. அம்புட்டையும் இந்தக் கொட்டகையிலதான் காயவச்சாகணும். நீங்க புத்தகத்தைக் கொண்டாந்து கொட்டுனா நான் எங்க போவேன்?"

"நெல் தரையில் கிடக்கட்டும் பாய். எனக்குத் தரை வேண்டாம். கயிறு கட்ட உத்தரமும், பலகை போடச் சுவரோரமும் போதும்."

"எத்தனை நாளைக்கு?"

"காய்கிற வரைக்கும்."

அவர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எங்க வாப்பா தினம் சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு உங்க லைப்ரரிக்கு வந்துதான் பேப்பர் படிப்பாரு," என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாட்டு வண்டி பிடித்தோம். நனைந்த புத்தகத்தைத் திறக்காமல், மூடியபடியே, நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, முதுகு கீழே இருக்கும்படி கூடையில் அடுக்கச் சொன்னேன். சிங்காரத்தைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. கூடை எண்ணச் சொல்லி உட்கார வைத்தேன்.

15 நவம்பர், செவ்வாய்

இன்னும் பாதி நூலகத்தில் கிடக்கிறது. மாலையில் வீட்டுப் பக்கம் போனேன். எழுத ஒன்றுமில்லை.

இன்று முதல் மில் கணக்கறையில் தங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். புத்தகங்களுக்குக் காவல் வேண்டும். துணைக்கு மில்லில் நெல் துழாவும் செல்லாயி வந்து படுக்கிறாள். துணை தேவையில்லை என்றேன். "உங்களுக்குத் துணைக்கு வரலம்மா. எங்க வீட்டுக் கூரை ஒழுகுது. நீங்க எனக்குத் துணை," என்றாள். ஐம்பது வயது இருக்கும். கணீரென்ற குரல்.

சாப்பாட்டுக்குக் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்திருந்தாள். மீந்துபோனது என்றாள். இருவருக்குச் சரியாக இருந்தது.

17 நவம்பர், வியாழன்

மாவட்ட நூலக அலுவலர் திரு. வைத்தியலிங்கம் வந்தார். பாலம் போனதால் பரிசலில் வந்து, வேட்டி நனைந்து, களைத்துப்போயிருந்தார். பல கிளைகளை இப்படியே பார்த்துக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது. நல்ல மனிதர். சட்டென்று கோபப்படுகிறவர் இல்லை. அதனால்தான் அவரோடு வாதாடுவது கடினம்.

பாய்லர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கயிறுகளில் மெல்லிய புத்தகங்கள் துணி போலத் தொங்கின. தடித்தவை பலகைகளில் விசிறி போல விரிந்து நின்றன. தாள்களுக்கு நடுவே டீக்கடைகளிலிருந்து வாங்கிய பழைய பத்திரிகைக் காகிதம். கீழே தரை முழுக்க நெல். ஆவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அகிலாண்டம் அம்மா, உங்க அக்கறை புரியுது. ஆனா நனைஞ்சதை அலமாரியில திருப்பி வச்சா பூஞ்சை நல்லதுக்கும் பரவும். இது எல்லாத்தையும் கழிவுல போட்டுடுங்க. காகித வியாபாரி லாரி அனுப்புவாரு."

"எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று நான் பிரித்துத் தருகிறேன் சார்."

"கட்டடமும் இல்ல. கிளையை மேலக்கோட்டூருக்கு மாத்திடலாம்னு ஒரு யோசனை இருக்கு. அங்க பஞ்சாயத்துல புதுக் கட்டடம் தராங்க. உங்களையும் அங்கேயே போட்டுடுறேன். குவார்ட்டர்ஸ் கூட உண்டு."

கடைசியில் சொன்னதை அவர் மெதுவாகச் சொன்னார். என் வீட்டைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை.

"கொடித்துறைக்கு நூலகம்?"

"வாரத்துல ஒரு நாள் புத்தகப் பெட்டி அனுப்பலாம்."

"எனக்கு அவகாசம் கொடுங்கள் சார். காய்ந்த பிறகு நீங்களே வந்து பாருங்கள். ஒரு புத்தகத்தில் பூஞ்சை இருந்தாலும் எல்லாவற்றையும் நானே லாரியில் ஏற்றுகிறேன்."

டிசம்பர் பத்தாம் தேதி வருகிறேன் என்றார். லாரியை அதற்குள் அனுப்ப மாட்டோம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

18 நவம்பர், வெள்ளி

நூலகத்துக்கு வார விடுமுறை. நாள் முழுக்கத் தாள் மாற்றினோம்.

20 நவம்பர், ஞாயிறு

லாரி வந்தது. "உத்தரவு எங்கே?" என்றேன். லாரிக்காரரிடம் இல்லை, வாய்ப்பேச்சாக அனுப்பியிருக்கிறார்கள். உத்தரவு இல்லாமல் அரசாங்கச் சொத்தைத் தூக்கக்கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். உத்தரவோடு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. யோசிக்கவும் இல்லை.

பெரிய சண்டை இன்று ராவுத்தரோடுதான். நெல் அவித்து இறக்கும்போது ஆவி மேலே எழுந்து, காய்ந்துகொண்டிருந்த புத்தகங்களைத் திரும்ப ஈரமாக்குகிறது. அவிப்பதை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்துனா இவங்களுக்கு யாரு கூலி குடுப்பா? நீங்களா, உங்க நூலக ஆணைக்குழுவா?" என்றார். "ஊருல அடுப்பு எரியாத வீடு எத்தனைன்னு போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. அரிசி முதல்ல. புத்தகம் அப்புறம்."

எனக்கு வந்த கோபத்தில் எல்லாப் புத்தகத்தையும் வெளியே தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னேன். எங்கே போவேன் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கோபம்.

கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. பெண்கள் இருபது பேர் அந்தக் கூலியை நம்பி இருக்கிறார்கள். மாலையில் நானே போனேன்.

"அவிப்பது காலையில் மட்டும் இருக்கட்டும் பாய். அந்த நேரம் நான் கோணித் திரை கட்டிக்கொள்கிறேன். மத்தியானத்துக்கு மேல் திரையை எடுத்துவிடுகிறேன்."

"கோணி எத்தனை வேணுமோ எடுத்துக்குங்க," என்றார். பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி இல்லை அது.

22 நவம்பர், செவ்வாய்

ஆள் போதவில்லை. ஒட்டிக்கொண்ட தாள்களைத் தென்னை ஈர்க்கால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பிரித்த தாளை விரித்து வைத்து, ஒரு பக்கம் காய்ந்ததும் அடுத்ததைப் புரட்ட வேண்டும். நானும் சிங்காரமும் எத்தனைதான் செய்வோம்?

நெல் அவிந்து இறங்கும் வரைக்கும் பெண்களுக்குச் சும்மா இருக்கும் நேரம் உண்டு. செல்லாயி தானாகவே வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். ஈர்க்கை எப்படி நுழைப்பது என்று காட்டினேன். பழைய மாட்டு வைத்தியப் புத்தகத்தில் பழகச் சொன்னேன். முதல் நாளே ஒருத்தி பத்துத் தாளைக் கிழித்தாள். சத்தம் போட்டேன். அவள் அழவில்லை, "உங்க கையால தொட்டுக் காட்டுங்க, கத்தாதீங்க," என்றாள். அவள் பெயர் மருதாம்பாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், முப்பது வயது. மாலைக்குள் என்னைவிட வேகமாகப் பிரித்தாள். இதை அவளிடம் சொல்லவில்லை.

25 நவம்பர், வெள்ளி

அண்ணன் சென்னையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார், உடனே கிளம்பி வரச் சொல்லி. இப்போது எப்படி வருவது என்று சொல்லி அனுப்பினேன். வந்தவர் என் புடவையைப் பார்த்துவிட்டுப் போனார். நேற்று மருதாம்பாள் ஒரு சுங்கடிப் புடவை கொடுத்திருந்தாள். இரவல்தான். திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சோப்பு வாங்கப் போகும் வழியில் செல்லாயியின் வீட்டைப் பார்த்தேன். கூரையில் ஒரு பொத்தல்கூட இல்லை. இந்தப் பத்து நாளில் புதிதாக ஓலை மாற்றியிருப்பார்கள் போலிருக்கிறது.

26 நவம்பர், சனி

இன்று ஒரு விசித்திரம். பிரிக்கும் வேலை மெதுவாகிவிட்டது. ஏன் என்று போய்ப் பார்த்தால், மருதாம்பாள் ஒரே பக்கத்தை வெகு நேரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அது காய்ந்துவிட்டது. அடுத்த பக்கம்," என்றேன்.

"இருங்கம்மா. இந்தப் பொண்ணு ரங்கோனுக்குக் கப்பலேறப் போறா. அவ புருஷன் அங்க வேற கல்யாணம் கட்டிக்கிட்டான்னு இவளுக்குத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடி அம்பது பக்கமும் நான்தானே பிரிச்சேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படித்ததையெல்லாம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தி பூகோளப் புத்தகத்தில் எரிமலைப் பாடம். வேறொருத்தி ஜோதிடம், அதை எல்லோரும் கேட்டு வைத்திருந்தார்கள். இருபது வருடம் நூலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மில்லிலிருந்து ஒரு பெண் படியேறி வந்ததில்லை. இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

நூலகம் திறப்பது காலை எட்டு மணிக்கு, மூடுவது மாலை ஏழு மணிக்கு. மில் வேலை நேரமும் அதுதான்.

"படிப்பதானால் உரக்கப் படி," என்றேன். "எல்லோர் கையும் வேலை செய்யட்டும்."

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது.

28 நவம்பர், திங்கள்

நனைந்தவற்றில் பழைய தொகுதி ஒன்று இருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் நீள்வட்ட முத்திரை: கொடித்துறைத் தொழிலாளர் வாசகசாலை, 1934. மை கலையவில்லை. நல்ல மை.

அந்த வருடம் இங்கே நூலகம் என்று எதுவும் கிடையாது. படகுத்துறையில் மூட்டை தூக்கியவர்கள் சேர்ந்து ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் மாலையில் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் புத்தகம் சேர்த்தார்கள். நாற்பத்தெட்டில் நூலகச் சட்டம் வந்து, சில வருடம் கழித்து ஊருக்குக் கிளை நூலகம் கிடைத்தபோது, இனி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மொத்தத்தையும் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இதெல்லாம் எனக்கு முன்பிருந்த நூலகர் சொல்லித் தெரியும். பெண்களுக்கு இதைச் சொன்னேன்.

செல்லாயி முத்திரையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இந்தக் கொட்டகையை எனக்குத் தெரியும்," என்றாள். "எங்கப்பன் அங்க போவாரு. நான் கூடவே ஓடுவேன். பொட்டப்புள்ளைக்கு உள்ள எடம் கிடையாதும்பாங்க. வெளிய கீத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேப்பேன். ஒருநாள் மழை. உள்ள படிக்கிறது காதுல விழல. கீத்துல ஓட்டை போட்டுட்டேன். எங்கப்பன் அடிச்சாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தத் தொகுதியை அவளே தனியாகப் பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

1 டிசம்பர், வியாழன்

வழவழப்புத் தாளில் படம் போட்ட புத்தகங்கள் காப்பாற்ற முடியாதவை. தாளோடு தாள் கல்லாக ஒட்டிவிட்டது. பறவைகளின் பெரிய புத்தகம் அதில் ஒன்று. கழிவுக் குவியலில் நானே கொண்டுபோய் வைத்தேன். சிங்காரம் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் பெட்டியும் வீட்டோடு போனது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் படம் ஒன்று இருந்தது. அவர் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காய்ந்தவற்றைப் பலகைக்கு நடுவே வைத்து, மேலே நெல் மூட்டை ஏற்றி அமுக்கியிருக்கிறோம். நாளை பசை காய்ச்ச வேண்டும். மைதாவோடு மயில்துத்தம் சேர்த்தால்தான் பூச்சி வராது.

4 டிசம்பர், ஞாயிறு

மனசு சரியில்லை.

மத்தியானம் ராவுத்தர் வந்து, வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். வேலை இருக்கிறது என்றேன். "போய்ட்டு வாங்கம்மா," என்று செல்லாயி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

போனேன். நான் அன்று பார்த்துவிட்டு வந்தபோது அங்கே அரைச் சுவரும் ஓட்டுக் குவியலும்தான் இருந்தன. இன்று சுவர் நிமிர்ந்து நிற்கிறது. ஓடு வேய்ந்திருக்கிறது. மில்லில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் வாசலில் மண் மெழுகிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். உள்ளே ஒரு பாய், ஒரு மண் பானை, புது விளக்கு.

"யாரைக் கேட்டுக்கொண்டு செய்தீர்கள்?" என்றேன்.

"யாரையும் கேக்கல," என்றார் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர். மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கண்ணில் சுண்ணாம்புத் தூசி விழுந்துவிட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது.

புத்தகங்கள் முடியும் வரை மில்லிலேயே தங்குவதாகத்தான் இருக்கிறேன்.

7 டிசம்பர், புதன்

பைண்டு வேலை. முதுகுக்குக் காடாத்துணி. மருதாம்பாளின் தையல் நேராக இருக்கிறது. இன்று அவளிடம் அதைச் சொன்னேன். "தெரியும்," என்றாள்.

10 டிசம்பர், சனி

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

வைத்தியலிங்கம் சார் பதினொரு மணிக்கு வந்தார். கூடவே மேலக்கோட்டூர்ப் பஞ்சாயத்துத் தலைவர். புதுக் கட்டடத்துக்கு அலமாரி அளவெடுக்க வந்தவர் மாதிரி கையில் டேப் வைத்திருந்தார்.

கொட்டகையின் நீளத்துக்குப் பலகைகளில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தோம். பொருள்வாரியாக, எண் வரிசையில், முதுகில் புதுச் சீட்டு ஒட்டி. சார் அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவினார். திறந்து, முகர்ந்து, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் எதை உருவுவார் என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தேன்.

"கழிவு?" என்றார்.

மூலையைக் காட்டினேன். "இவ்வளவும் நானே கழித்தது சார். அது காப்பாற்ற முடியாதது."

அந்தக் குவியலையும் புரட்டிப் பார்த்தார். பறவைப் புத்தகத்தைக் கையில் எடுத்து, திறக்க முயன்று, மெதுவாகத் திரும்ப வைத்தார்.

கொட்டகைக் கோடியில் பெண்கள் ஒரு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நெல் அவிப்பது முடிந்த நேரம். மருதாம்பாள் கையில் கடைசியாக ஒரு புத்தகம். சார் அவளிடம் போய்க் கையை நீட்டினார்.

"அதைக் குடும்மா, பாக்கணும்."

மருதாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன்.

"கொஞ்சம் இருங்க சார். நாலு பக்கம்தான் இருக்கு. கப்பல் வந்துருச்சு. எறங்கிட்டா. அவனைப் பாக்கப் போறா."

பஞ்சாயத்துத் தலைவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. நீட்டிய கையை எடுக்கவும் இல்லை.

அவள் படித்தாள். தட்டுத்தடுமாறிப் படிக்கிற வேகம் மாறி, இந்த இரண்டு வாரத்தில் ஓட்டமாக வருகிறது. ரங்கோன் துறைமுகத்தில் அந்தப் பெண் புருஷன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். வேறொருத்தி கதவைத் திறக்கிறாள், இடுப்பில் குழந்தையோடு. வந்தவள் யாரென்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படியிறங்குகிறாள். கடைத்தெருவில் தையல் வேலை கேட்கிறாள். அவ்வளவோடு கதை முடிகிறது.

"அவ சொல்லியிருக்கணும்," என்றாள் ஒருத்தி. "என்னத்தைச் சொல்றது, அந்தப் புள்ளைக்கு அப்பன் வேணாமா?" என்றாள் செல்லாயி. "அதுக்காக இவ வாழ்க்கை போகணுமா?" "எங்க போச்சு, தையல் மெஷின்ல உக்காந்துட்டா பாரு." பேச்சு இப்படிப் போயிற்று. பாய்லர் அறையிலிருந்து வந்து நின்ற ஃபயர்மேன்கூட ஒரு பக்கம் பேசினார்.

சார் நெல் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி குடிக்கிற இடம்," என்று மருதாம்பாளிடம் சொன்னார். "அதை இன்னொரு தடவை படிங்க."

படித்தாள்.

பிறகு அவர் எழுந்து, மேலக்கோட்டூர்த் தலைவரின் தோளைத் தொட்டு, கொட்டகைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வந்தது சார் மட்டும்தான்.

"அங்க வேற ஒரு கிளை கேட்டு எழுதுறேன். கிடைக்க நாளாகும், ஆனா எழுதுறேன். இது இங்கேயே இருக்கட்டும். கட்டடத்துக்கு என்ன பண்ணப்போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராவுத்தர், "கடைத்தெருவுல என் மண்டி முன்கூடம் சும்மாதான் கிடக்கு," என்றார். அதை அவர் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே சும்மா எதுவும் கிடக்கவில்லை, மூட்டை அடுக்கியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சார் புறப்படும்போது என்னிடம், "நூல் பாதுகாப்பு யாருகிட்டப் படிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். முதலாவதாக வந்ததையும் சொன்னேன்.

"தெரியுது," என்றார்.

11 டிசம்பர், ஞாயிறு

வீட்டில் தூங்கினேன். வெகு நேரம் தூங்கிவிட்டேன்.

2 ஜனவரி 1978, திங்கள்

கொடித்துறைக் கிளை நூலகம் இன்று கடைத்தெருவில் திறந்தது. விழா எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சிங்காரம் மட்டும் வாசலில் மாவிலை கட்டியிருந்தார்.

நேரத்தை மாற்ற அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலை எட்டரை வரை திறந்திருக்கும். இன்று திங்கள்தான், ஆனாலும் முதல் நாள் என்பதால் விளக்கு எரிந்தது. ஏழு மணிக்கு மேல் மில் பெண்கள் வந்தார்கள். முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள்.

"உள்ளே வாருங்கள்," என்றேன்.

அலமாரிகளுக்கு நடுவே போனதும் தயக்கம் போய்விட்டது. ஒவ்வொருத்திக்கும் தான் பிரித்த புத்தகம் எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது. எரிமலைக்காரி எரிமலையைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். முடிக்கவில்லையாம். மருதாம்பாள் ரங்கோன் கதையைத் தொடவில்லை. அதே மாதிரி வேறொன்று வேண்டும் என்றாள்.

எடுத்துப்போக உறுப்பினராக வேண்டும். உறுப்பினராக ஊரில் வீட்டுவரி கட்டுகிற ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். இவர்களில் வீட்டுவரி கட்டுகிறவர் யாரும் இல்லை. நானும் வாடகை வீட்டுக்காரிதான், என் கையெழுத்து செல்லாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். விதியை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ராவுத்தர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பாதியில் கையை உதறிக்கொண்டார்.

"இவ புத்தகத்தைத் தொலைச்சா நான் கட்டணுமா?"

"ஆமாம் பாய்."

"தொலைக்க மாட்டா," என்று சொல்லி அடுத்ததை வாங்கினார்.

கடைசியாகச் செல்லாயி வந்தாள். துணைக்கு வந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் ஒண்ணு," என்றாள்.

"மருதாம்பாளின் உறுப்பினர் சீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாமே, செல்லாயி. அவள்தானே படித்துக் காட்டப்போகிறாள்?"

"அவ படிப்பா. பேத்தி படிப்பா. யாரு வேணா படிக்கட்டும்," என்றாள். "எந்தப் புத்தகம் வேணும்னு நான் சொல்லுவேன். சீட்டு எம் பேருல இருக்கணும்."

ராவுத்தர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

புதுச் சீட்டு எடுத்தேன். ஊர், தெரு, தொழில் எல்லாம் எழுதினேன். பெயருக்கு என் நல்ல பேனாவை எடுத்து, பெரிய எழுத்தில், நிறுத்தி எழுதினேன். கட்டைவிரலை அழுத்தியதும் மையைத் துடைக்கத் துணி கொடுத்தேன். துடைத்துக்கொண்டு, சீட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"வீ. செல்லாயி. கிளை நூலகம், கொடித்துறை. உறுப்பினர்."

"இன்னொருதரம் வாசிங்க," என்றாள்.

வாசித்தேன்.